இரு கல்லூரிகளும் ஒரு மாணவியும்

(நம் சங்கத்தின் கல்வி நிதிக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. அன்பர் பலர் வேண்டியவாறு ஈண்டு வெளியிடப்பெறுகின்றது.)



ஆண்டுதோறும் இம்மேடையில் திருக்குறளைப் பற்றியேனும் கம்பராமாயணத்தைப் பற்றியேனும் சில மொழிந்து அமர்வது என் வழக்கம். இவ்வாண்டு நம் காரியதரிசி அவர்கள் என் இல்லம் போந்து, "புலவர் ஐயா, இம்முறை இலக்கியம் வேண்டா. நம்மவர் வீட்டுப் பெண் ஒருத்திக்கு அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. எதில் சேர்வது என்று வீட்டிலும் வழக்கு. நம் குழுவிலும் வழக்கு. அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். "தமிழாசிரியனுக்கும் அமெரிக்கக் கல்லூரிக்கும் யாது தொடர்பு?" என்றேன். "பெண் உங்கள் மாணவி அன்றோ?" என்றார்கள். அதன்மேல் மறுத்தற்கு வழியில்லை.

வழக்கு இன்னதென முதற்கண் கூறிவிடுகின்றேன். பெண்ணும் பெற்றோரும் இசைந்த பின்னரே, பெயர் சுட்டாது, இதனைக் கூறுகின்றேன். அக்கல்லூரிகள் இரண்டும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ளவை. ஒன்று வில்லியம்ஸ் கல்லூரி. மற்றொன்று ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி. இரண்டும் படிப்புச் செலவையும் உறையுள் உணவுச் செலவையும் தாமே ஏற்க முன்வந்துள்ளன. விமானக் கட்டணத்திற்கும் குளிராடைகளுக்கும் நம் கல்வி நிதியை நாடி விண்ணப்பம் வந்துள்ளது. அந்நாட்டுத் தரவரிசைப் பட்டியலிற் பல ஆண்டுகளாக வில்லியம்ஸ் முதலிடத்திலும், ஆம்ஹர்ஸ்ட் பெரும்பாலும் இரண்டாம் இடத்திலும் இருந்து வருகின்றன. ஆதலின், "முதலாவதிற் சேர்ந்தால் உதவுவோம், நம் சங்கத்துக்கும் பெருமை" என்பது குழுவினர் சிலரின் கருத்து. தந்தையார் கருத்தும் அதுவே. பெண்ணின் உள்ளமோ இரண்டாவதன்பாற் சென்றுள்ளது. மே மாதம் முதல் நாளுக்குள் விடை எழுதல் வேண்டும்.

இதனைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி கல்வித் தகுதியன்று. ஒரு தவறு இழைத்தவன் என்னும் தகுதியே. பதினைந்து ஆண்டுகட்கு முன்னர் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுக்களைப் படிப்பதில் பெருவேட்கை உடையவனாக இருந்தான். அவனுக்கு ஒரு கலைக்கல்லூரியில் வரலாற்றுப் பாடத்திலும், ஒரு பொறியியற் கல்லூரியிலும் இடம் கிடைத்தன. அவன் தந்தையார் என்னை வினவினார். யான் பையனை ஒரு வார்த்தையும் கேளாமல், "பொறியியலே நன்று" என்று விடை கூறினேன். அவன் படித்தான், நல்ல ஊதியமும் பெறுகின்றான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிற் பிராகாரத்தில் அவனைக் கண்டேன். தன் குழந்தைக்குச் சுவரிலுள்ள எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். "இஃது என்ன எழுத்து, அப்பா?" என்று குழந்தை கேட்டது. அவன் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, "எனக்கு மறந்துவிட்டது, கண்ணே" என்றான். பின்னர் என்னைக் கண்டு வணங்கினான். ஒரு குறையும் கூறினானல்லன். அவன் குறை கூறாமையே என்னை இன்றளவும் வருத்துகின்றது. ஆதலின் இம்முறை கேட்ட மாத்திரத்தில் விடை கூறுவதில்லை என்று உறுதி பூண்டு, அப்பெண்ணுடன் ஒரு மாத காலம் அமர்ந்து இவ்விரு கல்லூரிகளின் இயல்பையும் ஆராய்ந்தேன்.

நிற்க. இவை எத்தகைய கல்லூரிகள் என்பதைப் பலர் அறியார். இவற்றை அந்நாட்டார் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்பர். உரிமையுடைய மாந்தர்க்கு ஏற்ற கலைகள் என்பது அப்பெயர்க்குப் பழம்பொருள். ஆர்ட்ஸ் என்னும் சொல்லைக் கண்டு விஞ்ஞானம் இல்லையென மயங்கற்க. கணிதம், பௌதிகம், உயிர்நூல், கணிப்பொறி நூல் யாவும் அங்கு உண்டு; எனினும் பௌதிகம் பயின்றவர்க்கும் பி.ஏ. பட்டமே வழங்குவர். "இவ்வளவு தூரம் போய் பி.ஏ.வா?" என்று நம் பெரியவர் ஒருவர் கேட்டார்கள். அப்பட்டப் பெயர் அங்கே தாழ்வன்று. அது கொண்டு மேற்படிப்பிற்கும் மருத்துவப் படிப்பிற்கும் சென்றோர் மிகப் பலர். ஆயின் பொறியியல் என்னும் துறை இவ்விரண்டிலும் இல்லை. அதனை விரும்பும் பிள்ளை வேறிடம் நாடுதலே முறை.

இவற்றின் தனிச்சிறப்பு சிறுமையே. வில்லியம்ஸில் ஏறத்தாழ 2,000 மாணவர். ஆம்ஹர்ஸ்டில் ஏறத்தாழ 1,900 மாணவர். நம் நகரங்களிற் சில உயர்நிலைப் பள்ளிகளில் இதனினும் மிகுதியானோர் பயில்கின்றனர். பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி மாணவர்கள் இளையவர்க்குப் பாடஞ் சொல்வதும் உண்டு. இவ்விடங்களிலோ பேராசிரியரே பாடஞ் சொல்வர். மாணவரைப் பெயரிட்டு அழைப்பர். வில்லியம்ஸ் கல்லூரியின் தலைமையை 1836 முதல் 1872 வரை வகித்த மார்க் ஹாப்கின்ஸ் என்பாரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. அவர் மாணவரும் பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவருமான கார்பீல்டு, ஒரு மரத்துண்டின் ஒரு கோடியில் ஹாப்கின்ஸும் மறு கோடியில் ஒரு மாணவனும் அமர்ந்தால் அதுவே கல்லூரி என்னும் கருத்துப்படப் பேசினாராம். இதனைப் படித்தபோது எனக்கு நம் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. மரத்துண்டாயினும் திண்ணையாயினும், ஆசிரியனும் மாணவனும் முகத்துக்கு முகம் இருத்தலே கல்வி.

இனி, இரண்டின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். எப்ராயீம் வில்லியம்ஸ் என்னும் படைத்தலைவர் 1755-ஆம் ஆண்டில் ஒரு போரில் உயிர் துறந்தார். தம் பொருளைக் கொண்டு ஓர் இலவசப் பள்ளி நிறுவுக என்றும், ஊர்க்குத் தம் பெயர் இடுக என்றும் அவர் மரண சாசனம் எழுதி வைத்திருந்தார். 1791-இல் பள்ளி தோன்றிற்று. 1793-இல் அதுவே கல்லூரியாயிற்று. ஊர், மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மலைகளின் நடுவே உள்ளது. "இத்துணைத் தொலைவில் கல்லூரி வாழாது, வேறிடத்திற்குப் பெயர்த்துச் செல்லல் வேண்டும்" என்று கல்லூரியின் இரண்டாம் தலைவர் மூர் என்பாரும் பிறரும் முயன்றனர். சட்டசபை இசையவில்லை. ஆகவே 1821-இல் அவர் தம் பதவியைத் துறந்து, மாணவர் சிலரும் உடன்வர, ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரிற் புதிதாகத் தோன்றிய கல்லூரிக்குத் தலைவரானார். எனவே, இவை தாயும் சேயும் என்னலாம்; பங்காளிகள் என்னலும் ஆம். 1859-இல் இரண்டு கல்லூரியாரும் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் ஆடினர். அந்நாட்டிற் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதற் பேஸ்பால் ஆட்டம் அதுவே. ஆம்ஹர்ஸ்ட் 73-க்கு 32 என்று வென்றது. பங்காளிப் போட்டி இன்றும் ஓய்ந்தபாடில்லை.

வில்லியம்ஸின் பெயர் நம் தமிழ் நிலத்தோடும் தொடர்புடையது என்பதை ஈண்டுச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. 1806-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அக்கல்லூரி மாணவர் ஐவர் இடியும் மழையும் கண்டு ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கினர். அங்கிருந்தே கடல் கடந்து சமயப்பணி செய்வதெனத் துணிந்தனர். அத்துணிவின் பயனாக 1810-இல் அமெரிக்க மிஷன் சபை தோன்றிற்று. அவ்வைவருள் ஒருவராகிய ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816-இல் யாழ்ப்பாணம் வந்து, 1822-இல் அங்கேயே உயிர் நீத்தார். அச்சபையார் 1823-இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய கல்விச்சாலையிற் பயின்றவரே, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் அகராதியும் அச்சபையைச் சார்ந்தவர் தந்ததே. மதுரை அமெரிக்கன் கல்லூரியும் 1881-இல் பசுமலையில் அவர்தம் முயற்சியால் தோன்றியது. அவர்கள் வந்த நோக்கம் வேறு. அதனைப் பற்றிய வழக்கும் வேறு. ஆயினும் ஒரு சிறு கல்லூரியின் வைக்கோற்போரிலிருந்து புறப்பட்ட நூலிழை, தமிழ் ஏடுகள் அச்சேறிய வரலாறு வரை நீண்டதை அறிந்தபோது, என் உள்ளம் வில்லியம்ஸின்பாற் சாய்ந்தது என்பதை மறையாது ஒப்புக்கொள்கின்றேன்.

அவ்வுள்ளச் சாய்வை மேலும் மிகுவித்தது அங்குள்ள பயிற்று முறை. டியூட்டோரியல் என்பது அதன் பெயர். ஒரு பாடத்திற்குப் பத்து மாணவர் அளவிலேயே சேர்ப்பர். அவரை இருவர் இருவராகப் பிரிப்பர். வாரந்தோறும் இருவரும் பேராசிரியரைத் தனியே காண்பர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வந்து உரைத்தல் வேண்டும். மற்றவர் அதன் குற்றங் குறைகளை எடுத்துக்காட்டி வினவுதல் வேண்டும். மறுவாரம் முறை மாறும். பேராசிரியர் பெரும்பாலும் கேட்டிருப்பார். கடைவரிசையில் ஒளிந்திருத்தற்கு அங்கு இடமில்லை. இது கட்டாயமன்று, விரும்புவோர் எடுக்கலாம்.

இதனை அறிந்தபோது பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் கூறிய கணக்கு நினைவிற்கு வந்தது. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்து உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு. இதுவே அவர் கணக்கு. நாமோ இன்று முதற் காற்பங்கிற்கே கட்டணம் செலுத்துகின்றோம். அதனையும் வினாவிடைப் புத்தகமாகச் சுருக்கிவிட்டோம். வில்லியம்ஸார் நன்னூலைக் கண்டவரல்லர். ஆயினும் எஞ்சிய முக்காற்பங்கையும் ஒரே அறையில் வைத்துப் பயிற்றுகின்றனர்.

இனி ஆம்ஹர்ஸ்டின் இயல்பைக் கூறுவேன். வில்லியம்ஸில் மொழியும் கலையும் ஒரு பிரிவு, சமூக நூல்கள் ஒரு பிரிவு, விஞ்ஞானமும் கணிதமும் ஒரு பிரிவு என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று பாடமேனும் பயிலுதல் வேண்டும் என்று விதித்துள்ளனர். ஆம்ஹர்ஸ்டிலோ அத்தகைய விதி இல்லை. முதலாண்டிற் கருத்தரங்கப் பாடம் ஒன்று. பின்னர்த் தாம் மேற்கொண்ட சிறப்புப் பாடத்திற்கு உரியவை. மற்றவை எல்லாம் மாணவர் விருப்பம். உயிர்நூலும் வடமொழியும் இசையும் ஒருங்கே பயில விரும்பினும் தடையில்லை. கணிதத்தை அறவே விடுத்தாலும் கேட்பாரில்லை. ஆசிரியர் ஒருவர் துணைநின்று அறிவுரை கூறுவார், ஆணையிடார்.

இதனைக் கேட்டவுடன் எனக்கு அச்சம் பிறந்தது. நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எண்வகையாகக் காட்டுவர். பசு நல்ல புல்லைக் கண்டவிடத்து வயிறு நிறைய மேய்ந்து, பின்னர் ஓரிடத்திருந்து அசைபோடும். ஆடோ தழை மிகுதியாக இருப்பினும் இங்கொரு வாய் அங்கொரு வாய் கடித்து ஓடும். முன்னதைத் தலைமாணாக்கர்க்கும் பின்னதைக் கடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் பசுவிற்கு நன்று, ஆட்டிற்குத் தீது. ஆகவே வினா, எக்கல்லூரி சிறந்தது என்பதன்று. இப்பிள்ளை பசுவா, ஆடா என்பதே.

ஊரின் இயல்பும் கருதற்குரியது. வில்லியம்ஸ் உள்ள ஊர் மலைசூழ்ந்த தனியூர். அங்கே கிளார்க் கலைக்கூடம் என்னும் சிறந்த ஓவியச் சாலை உண்டு. ஓவிய வரலாறு பயில்வார்க்கு அது கண் போன்றது. முதலாண்டு மாணவரைச் சிறு சிறு குடும்பங்கள்போல் வகுத்து, மூன்றாமாண்டு மாணவர் இருவரை உடன் உறையச் செய்வர். தனிமைக்கு அஞ்சும் பிள்ளைக்கு இது நல்ல துணை. ஆம்ஹர்ஸ்டோ பாஸ்டன் நகர்க்கு மேற்கே ஏறத்தாழ 90 மைலில், கல்விச்சாலைகள் நிறைந்த பள்ளத்தாக்கில் உள்ளது. ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் முதலிய கல்லூரிகளும் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகமும் அருகில் உள்ளன. 1965-இல் ஐங்கல்லூரிக் கூட்டுறவு என்று பதிவு செய்து கொண்டனர். ஆம்ஹர்ஸ்ட் மாணவர் அவ்விடங்களுக்கும் சென்று பாடம் பயிலலாம். தனிக் கட்டணம் இல்லை. சென்று வரப் பேருந்தும் உண்டு. எனவே கல்லூரி சிறிதாயினும் அதன் வாயில் பெரிது.

பொருள் நிலையையும் தாய் தந்தையர் பலர் கேட்டீர்கள். இரண்டும் பெருஞ்செல்வம் படைத்த கல்லூரிகள். தாம் சேர்த்துக்கொண்ட மாணவர்க்குத் தேவை என்று கணக்கிட்ட தொகை முழுவதையும் ஏற்பதாக இரண்டும் உறுதி கூறுகின்றன. ஆம்ஹர்ஸ்ட் 2008 முதல் கடனுக்கு மாற்றாக நன்கொடையே வழங்குகின்றது. வில்லியம்ஸ் 2022-இல் கடனும் கட்டாய வேலையும் இன்றி முழுதும் நன்கொடையாக உதவும் முறையை மேற்கொண்டது. ஆயினும் "தேவை" என்பது அவர்கள் போடும் கணக்கு. நாம் எண்ணும் கணக்கன்று. இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து, குடும்பம் செலுத்தவேண்டிய தொகை யாது, மருத்துவக் காப்புக் கட்டணம் அடங்குமா, விடுமுறைப் பயணச் செலவு எவரைச் சார்ந்தது என வரிவரியாக ஒப்பிடுக. வேறு கல்லூரிகள் வேறு விதமாக நடக்கும். வீட்டை ஈடு வைத்துத்தான் செல்லல் வேண்டும் என்னும் நிலை வருமாயின், அக்கல்லூரி பட்டியலில் எந்த எண்ணில் இருப்பினும் அதனை விடுத்து, கடன்படாத மற்றொன்றிற் சேர்க. இப்பெண்ணின் இரு கடிதங்களும் ஏறத்தாழ ஒத்திருந்தன. ஆதலின் பொருள் நம் வழக்கைத் தீர்க்கவில்லை.

தரவரிசை தீர்க்குமோ எனின், தீர்க்காது. யூ.எஸ். நியூஸ் என்னும் பத்திரிகையார் 1983-இல் தொடங்கிய பட்டியல் அது. பிற கல்லூரித் தலைவர்களின் மதிப்பீடு, பட்டம் பெற்று வெளியேறுவோர் விகிதம், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் செலவிடும் பொருள் இவை முதலியவற்றைக் கூட்டி ஒரு எண் இடுவர். கெட்டதினின்று நல்லதைப் பிரிக்க அது ஓரளவு உதவும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நம் பெண்ணின் நான்கு ஆண்டு வாழ்வை நிறுக்க அத்தராசு உதவாது. பொருத்தம் பார்க்கும்போது மாப்பிள்ளையின் ஜாதகத்தை மட்டும் பார்த்துப் பெண்ணின் ஜாதகத்தைப் பாராதார் உண்டோ? கல்லூரியின் எண்ணை மட்டும் பார்த்தல் அதனை ஒக்கும்.

ஆதலின் அப்பெண்ணின் ஜாதகத்தை, அஃதாவது அவள் பயின்ற வழியை, நோக்குவோம். ஒன்பதாம் வகுப்பிற் குறிஞ்சிப்பாட்டைப் பற்றிக் கூறுகையில், கபிலர் அதிலே 99 மலர்களின் பெயரை அடுக்கியுள்ளார் என்றேன். மறுநாள் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். பக்கத்திற்கு ஒரு மலராகப் பெயர் எழுதியிருந்தாள். கண்டெடுத்த மலரை உலர்த்தி ஒட்டுவாள்; எங்கே, எம்மாதத்தில் கண்டாள் என்று குறிப்பாள்; ஐயமுற்றவிடத்து உரையாசிரியர் கூறுவது ஒருபுறமும் தாவர நூலார் கூறுவது மறுபுறமுமாக எழுதுவாள். பதினோராம் வகுப்பில் உயிர்நூற் பிரிவில் சேர்ந்தமையால் இலக்கியச் சிறப்புப் பாடம் எடுக்க வழியில்லாது போயிற்று. அப்பொழுதும் நோட்டுப் புத்தகம் நிற்கவில்லை. மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை, கேட்பாரும் இல்லை. இன்றளவும் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் நிரம்பியுள்ளன. வேலியின்றியே ஒரே நிலத்தில் நான்கு ஆண்டு மேய்ந்து அசைபோட்ட பிள்ளை இவள். இவளை ஆடு என்று எவர் சொல்வார்?

"ஆம்ஹர்ஸ்டை ஏன் விரும்புகின்றாய், அம்மா?" என்று கேட்டேன். அவள் மூன்று காரணங் கூறினாள். "தாவர நூலையும் மொழி நூலையும் சேர்த்துப் படிப்பதற்கு அங்கே எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஐயா. இங்கே பதினோராம் வகுப்பில் அது முடியாமல் போயிற்று" என்றது ஒன்று. "பக்கத்து ஊரில் ஸ்மித் கல்லூரியில் தாவரத் தோட்டமும் கண்ணாடி மாளிகையும் இருக்கின்றன, பேருந்தில் போய்ப் படிக்கலாம்" என்றது இரண்டு. மூன்றாவது காரணம் என்னை வாயடைக்கச் செய்தது. எமிலி டிக்கின்ஸன் என்னும் பெரும்புலமை வாய்ந்த அம்மையார் 1830-இல் ஆம்ஹர்ஸ்ட் ஊரிற் பிறந்தவர். ஏறத்தாழ 1,800 கவிதைகள் இயற்றியவர். வாழ்நாளில் வெளிவந்தவை மிகச் சிலவே. அவர் சிறுமியாக இருந்தபோது நானூற்றுக்கு மேற்பட்ட மலர்களையும் செடிகளையும் உலர்த்தி ஓர் ஏட்டில் ஒட்டி, பெயர் எழுதி வைத்தார். "அவர்களும் என்னைப் போலவே நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்களாம், ஐயா" என்றாள்.

தாய்மார்களே! இன்னொன்றும் கேளுங்கள். அவ்வம்மையாரின் பாட்டனார் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை நிறுவியோருள் ஒருவர். தந்தையார் அதன் பொருளாளராக இருந்தவர். இருந்தும் அம்மையார் அக்கல்லூரியிற் பயில இயலவில்லை. பெண்களுக்கு அங்கு இடமில்லை. வில்லியம்ஸ் 1970-இலும், ஆம்ஹர்ஸ்ட் 1975-இலுமே பெண்களைச் சேர்த்துக்கொண்டன. நிறுவியவரின் பேத்திக்குத் திறவாத கதவு, இன்று நம் தெருவிற் பிறந்த பெண்ணுக்குத் திறந்திருக்கின்றது. தூரத்திலிருந்து சென்று சிறந்தோர்க்கும் அங்கு முன்மாதிரி உண்டு. ஜப்பான் நாட்டினின்றும் கரந்து கப்பலேறிச் சென்ற நீஷிமா என்பார் 1870-இல் ஆம்ஹர்ஸ்டிற் பட்டம் பெற்று மீண்டு, 1875-இல் கியோட்டோ நகரில் தோஷிஷா என்னும் கல்விச்சாலையை நிறுவினார்.

என் உள்ளம் வில்லியம்ஸின்பாற் சாய்ந்தது என்று முன்னரே கூறினேன். வாய் திறவாது கேட்டிருந்தே பழகிய பிள்ளைக்கு, எடுத்து உரைத்தலும் எதிர்த்து வினவுதலும் பயிற்றும் அம்முறையே மருந்து. அத்தகைய பிள்ளை நம் வீடுகளிற் பலர் உண்டு. அவர்க்கு யான் தயங்காது வில்லியம்ஸையே சொல்வேன். ஆயின் அஃது என் விருப்பம். என் தமிழ்ப் பற்றும் நன்னூற் பற்றும் கலந்த விருப்பம். அதனை இப்பெண்ணின் தலைமேல் ஏற்றுவேனாயின், கல்வெட்டுப் படித்த பையனுக்குச் செய்ததையே மீண்டும் செய்தவனாவேன்.

அன்று யான் வினவாது விட்ட வினாக்களை, இப்பொழுது பெற்றோர் யாவர்க்கும் கூறுகின்றேன். பிள்ளை தானே விரும்பி, எவரும் ஏவாமல், நெடுநாள் செய்த காரியம் யாது? எதைக் கண்டு அஞ்சி ஒதுங்குகின்றது? அவ்வச்சத்தை எக்கல்லூரி நீக்கும், எக்கல்லூரி மறைத்துக்கொள்ள இடங்கொடுக்கும்? நோயுற்ற இரவில் எவர் கதவைத் தட்டலாம்? இவற்றிற்குப் பிள்ளையையே ஒரு தாளில் விடை எழுதச் செய்க. இப்பெண்ணும் எழுதினாள். "ஆம்ஹர்ஸ்டிற் கணிதத்தை விட்டு ஓட எனக்கு ஆசை வரும், ஓடமாட்டேன் என்று இதில் எழுதிக் கையெழுத்திடுகிறேன்" என்று ஒரு வரி அதிலிருந்தது. தன் குறையைத் தானே எழுதிக் காட்டும் பிள்ளைக்கு உரிமை கொடுக்க நாம் அஞ்சவேண்டுவதில்லை.

தந்தையார் இவ்வவையில் அமர்ந்துள்ளார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலாவது என்று பலரிடமும் சொல்லிக்கொள்ளும் மகிழ்ச்சியை நீங்கள் இழப்பது உண்மை. அவ்விழப்பைச் சிறிதென்று கூறேன். மகளை வளர்க்கப் பட்ட பாட்டிற்கு ஊரார் வாயில் ஒரு நற்சொல் கேட்க விரும்புவது குற்றமன்று. ஆனால் அச்சொல் ஒரு வாரம் நிற்கும். அவள் படிப்பு நான்கு ஆண்டு நிற்கும்.

குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்வி நிதி எங்ஙனம் தோன்றிற்று என்பதை மூத்தோர் அறிவர். நம் பாட்டிமார் உலையிடும்போது நாளும் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இட்டுச் சேர்த்த பொருள் அதற்கு வித்து. அவ்வரிசியை இட்டோர், "முதலிடம் பெற்ற கல்லூரிக்கே இது" என்று சொல்லி இடவில்லை. நம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று மட்டுமே எண்ணி இட்டனர். அந்நிதி சங்கத்திற்குப் பெருமை வாங்கும் பொருளாகிவிடுதல் ஆகாது. ஆதலின் கல்லூரிப் பெயரை நிபந்தனையாக்காமல், பயணச் செலவை அப்பெண்ணுக்கு வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றேன். இவ்வாண்டு மட்டுமன்றி, இனி வரும் பிள்ளைகட்கும் இதுவே விதியாகுக.

இறுதியாக என் மாணவிக்கு ஒரு சொல். அம்மா, அந்நோட்டுப் புத்தகத்தை உடன் கொண்டு செல். எஞ்சிய மலர்கள் அந்நாட்டுப் பனியில் மலரா. ஆகவே மீண்டும் வந்து தேடுதற்கு ஒரு காரணம் உனக்கு இருக்கும். அங்குள்ள மலர்களுக்கு வேறொரு புத்தகம் தொடங்கு. விடுமுறையில் வந்து இம்மேடையில் நின்று, கண்டதையும் கற்றதையும் நம் இளையவர்க்கு எடுத்துச் சொல். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு அதனால் நிறைவேறும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!